கல்யாண வீடியோவை எதில் சேமிப்பது? பென் டிரைவ் முதல் கிளவுட் வரை... எது எவ்வளவு பாதுகாப்பு?

1998-ம் ஆண்டு. அமெரிக்காவின் பிக்ஸார் ஸ்டூடியோவில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் வேலைகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்தன. ஒருநாள் தவறுதலாகக் கொடுக்கப்பட்ட ஒரே ஒரு கட்டளையால், படத்தின் ஃபைல்கள் மளமளவென அழியத் தொடங்கின. பேக்கப்பைத் திறந்து பார்த்தால், அதுவும் சரியாகப் பதிவாகவில்லை!

கடைசியில் படத்தைக் காப்பாற்றியது, தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சூஸ்மன் வீட்டிலிருந்த கம்ப்யூட்டர். கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வதற்காக அவர் ஒரு பிரதியை வீட்டில் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரில் பத்திரமாக ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தார்கள்.

அவ்வளவு பெரிய ஸ்டூடியோவுக்கே இந்த நிலை என்றால், ஒரே ஒரு பென் டிரைவில் இருக்கும் நம் வீட்டுக் கல்யாண வீடியோவின் கதி?

கம்ப்யூட்டரில் ரேம் என்பது சமைக்கும்போது அடுப்பு மேடையில் எடுத்துவைக்கும் சாமான்களைப் போல. கரன்ட் போனால் அதில் இருப்பது காலி. கரன்ட் போனாலும் அழியாமல் வைத்திருக்கும் அலமாரிதான் 'செகண்டரி ஸ்டோரேஜ்'. அதில் பல வகைகள் உண்டு.

ஹார்ட் டிஸ்க்

1956-ல் ஐ.பி.எம் நிறுவனம் அறிமுகப்படுத்திய முதல் ஹார்ட் டிஸ்க்கின் எடை ஏறக்குறைய ஒரு டன். கொள்ளளவோ வெறும் 5 எம்.பிதான். இன்றைய போனில் எடுக்கும் ஒன்றிரண்டு போட்டோக்களுக்கே அது சரியாகிவிடும்.

இதற்குள் காந்தப்பூச்சு கொண்ட தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. குறைந்த செலவில் நிறைய சேமிக்க இதுதான் ஏற்றது. ஆனால், கீழே விழுந்தால் ஆபத்து. 'டக் டக்' என்று சத்தம் வந்தால், உடனே காப்பி எடுத்துவிட வேண்டும்.

எஸ்.எஸ்.டி

சுழலும் பாகங்களே இல்லாத ஃபிளாஷ் சிப். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 200 எம்.பி வரை படிக்கும் என்றால், சாதாரண எஸ்.எஸ்.டி சுமார் 500 எம்.பி படிக்கும். 'என்.வி.எம்.இ' வகையோ ஆயிரக்கணக்கான எம்.பி! பழைய லேப்டாப்பில் இதைப் பொருத்தினால், புது வேகம் கிடைக்கும்.

குறை? விலை அதிகம். பழுதானால் பெரும்பாலும் முன்னறிவிப்பே இருக்காது. அழித்த ஃபைலை மீட்பதும் கடினம். மின்சாரமே கொடுக்காமல் வருடக்கணக்கில் பீரோவில் வைத்தால், பதிவானவை அழியவும் வாய்ப்புண்டு.

பென் டிரைவ், மெமரி கார்டு

இவையும் ஃபிளாஷ் வகைதான். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஃபைலைக் கொண்டுபோக வசதியானவை. நிரந்தரமாகச் சேமித்துவைக்க ஏற்றவை அல்ல. எளிதில் தொலையும். 'நம்ப முடியாத விலையில் 2 டி.பி' என்று வருபவற்றில் போலிகளும் உண்டு.

சி.டி, டி.வி.டி

சி.டியில் 700 எம்.பி, சாதாரண டி.வி.டியில் 4.7 ஜி.பி சேமிக்கலாம். கீறல், வெயில், ஈரப்பதம் மூன்றுமே இவற்றுக்கு எதிரி. புது லேப்டாப்புகள் பலவற்றில் டி.வி.டி போடவே இடமில்லை. பழைய கல்யாண டி.வி.டி இருந்தால், இப்போதே ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடுவது நல்லது.

டேப்

கேசட் காலத்தோடு முடிந்துவிடவில்லை. 2011 பிப்ரவரியில் ஒரு சாஃப்ட்வேர் கோளாறால் சிலரது ஜிமெயில் கணக்குகள் காலியாகின. கூகுள் அவற்றை மீட்டது காந்த டேப்பிலிருந்துதான். நெட்வொர்க்கிலிருந்து தனியே கழற்றி வைத்திருந்ததால், அந்தக் கோளாறு டேப்பைத் தொடவில்லை.

கிளவுட்

இது தனிக் கருவி அல்ல. எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கும் டிஸ்க்குகளில் நமக்கான இடம். கூகுளில் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாம் சேர்த்து 15 ஜி.பி வரை இலவசம். வீட்டில் வெள்ளம் வந்தாலும், போன் தொலைந்தாலும் கிளவுடில் உள்ளவை பத்திரம். ஆனால் பேக்கப் ஆன ஒரு படத்தை கூகுள் போட்டோஸ் ஆப்பில் அழித்தால், கிளவுடிலும் அழியும். குப்பைத்தொட்டியில் 60 நாள்கள் இருக்கும், அதன்பின் கிடைக்காது.

அப்போ எதை வாங்குவது?

எல்லாமே ஒருநாள் பழுதாகும். அதனால்தான் நிபுணர்கள் '3-2-1' என்ற விதியைச் சொல்கிறார்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். அதாவது லேப்டாப்பில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடிலோ வெளியூரில் இருக்கும் அக்கா வீட்டிலோ ஒன்று. லேப்டாப்பும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே பீரோவில் இருந்தால், தண்ணீர் புகும்போது இரண்டும் சேர்ந்தே நனையும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதிகளைத் திறந்து, வீடியோ ஓடுகிறதா என்று பார்ப்பதும் அவசியம். பிக்ஸாரிலும் பேக்கப் இருக்கத்தான் செய்தது. அது வேலை செய்யவில்லை என்பது, தேவைப்பட்ட அன்றுதான் தெரிந்தது!