கசடு மேடுகளில் பசுமையை அளத்தல்

பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலில் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய பொடிமணலோ ஊரை ஒட்டியே குன்றுகளாக நிற்கிறது. ‘சயனைடு மேடுகள்’ என்று பெயர் பெற்ற இவை 13. இவற்றிலுள்ள மணல் மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்டதென்பது மதிப்பீடு. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் குடியிருப்புகள் இம்மேடுகளின் அடிவாரத்திலேயே உள்ளன. காற்று வீசும் நாட்களில் இந்நுண்மணல் வீட்டுக் கூரைகளிலும் உணவிலும் படிகின்றது.

மணலை நிலைநிறுத்தும் வழிகளுள் ஒன்று, அதன்மீது தாவரப் போர்வையை உண்டாக்குதல். இத்தகைய மணலில் மட்கு இல்லை; தழைச்சத்து மிகக் குறைவு; கந்தகம் கலந்த கனிமங்கள் காற்றும் நீரும் பட்டுச் சில இடங்களில் அமிலத்தை உண்டாக்கும். ஆகவே செடி ஓரிடத்தில் செழிப்பதும், பத்தடி தள்ளிக் கருகுவதும் இயல்பு. அளப்பவருக்குள்ள இடர்ப்பாடும் இதுவே.

சாலையில் நின்று நோக்குபவருக்கு மேட்டின் அடிவாரமே கண்ணிற்படும். மழைநீர் வந்து தங்கும் அடிவாரம் பசுமையாக இருக்கும். காற்றை நேரே எதிர்கொள்ளும் உச்சியோ வெறுமையாக இருக்கும். நட்ட கன்றுகளில் நூற்றுக்கு எத்தனை பிழைத்தன என்று எண்ணுவதும் போதாது. கன்றுகள் யாவும் பிழைத்திருந்தாலும் அவற்றிடையே உள்ள மணல் பறந்துகொண்டே இருக்கலாம்.

ஆதலின், முதலில் மேட்டை உச்சி, சரிவு, அடிவாரம் எனப் பிரித்துக்கொள்ள வேண்டும். சரிவைக் காற்றுமுகம், மறைமுகம் என மேலும் பகுப்பது நன்று. பின்னர் ஒவ்வொரு பகுதியின் வரைபடத்திலும் கட்டங்கள் வரைந்து எண்ணிட்டு, சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குலுக்கலில் விழுந்த இடம் வெறும் மணலாயிருப்பினும் அதனை விட்டு அடுத்த இடத்துக்கு நகர்தல் கூடாது. களப்பணியில் மிகுதியாக நேரும் பிழை இதுவே. அதில் வஞ்சகம் ஏதுமில்லை, செடியை அளக்கச் சென்றவர் செடியைத் தேடுகிறார், அவ்வளவே.

தேர்ந்த இடத்தில் ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டத்தை வைத்துப் புற்பூண்டுகளைக் கணக்கிடலாம். புதருக்கு ஐந்து மீட்டர், மரத்துக்குப் பத்து மீட்டர்ச் சதுரங்கள் நம் நாட்டில் வழக்கம். சட்டத்தின் விளிம்பில் நிற்கும் செடியை எவ்வாறு கொள்வது என்பதை முன்னரே முடிவு செய்தல் அவசியம். 1940களில் இந்தியப் பயிர் விளைச்சல் மதிப்பீடுகளை ஆராய்ந்த பி. வி. சுகாத்மே, மிகச் சிறிய பாத்திகளில் அறுத்துக் கணக்கிட்டால் விளைச்சல் உண்மையினும் கூடுதலாகத் தோன்றுவதை எடுத்துக்காட்டினார். விளிம்பு ஐயங்கள் பெரும்பாலும் ‘உள்ளே’ என்றே தீர்க்கப்படுவது இதற்கு ஒரு காரணம்.

மற்றொரு முறை நாடா முறை. முப்பது மீட்டர் நாடாவை நேர்கோட்டில் விரித்து, அரை மீட்டருக்கு ஒருமுறை நேர்கீழே இருப்பது பச்சைச் செடியா, சருகா, கல்லா, வெறுமணலா என்று குறிக்க வேண்டும். அறுபது புள்ளிகளில் பதினெட்டில் செடி இருப்பின், போர்வை நூற்றுக்கு முப்பது வீதம். சருகைத் தனியே குறிப்பது முக்கியம். காய்ந்த புல்லும் மணலைப் பிடித்து நிறுத்தும்.

சராசரி நம்மை ஏமாற்றக்கூடும். உதாரணமாக, பத்துச் சதுரங்களில் மூன்றில் எண்பது வீதமும் ஏழில் ஒன்றுமில்லாமலும் போர்வை இருக்கிறதென்று கொள்வோம். சராசரி இருபத்துநான்கு வீதம். ஆனால் தூசி எழுவது அந்த ஏழிலிருந்துதான். ஆகவே ஒவ்வொரு சதுரத்தின் அளவையும் அறிக்கையில் தருவதே முறை. சதுரங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதும் பயன் தரும். ஆயினும் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு சதுரங்கள் வேண்டும்.

ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் அளக்க வேண்டும். அக்டோபர் மழையில் தழைத்த புல்லை மட்டும் எண்ணிவிட்டு, வறண்ட மாதங்களில் மேடு எவ்வாறிருக்கும் என்று கூற முடியாது. இரு பருவங்களிலும் அளப்பதே தகும். மாற்றத்தை அறிய நிலையான சதுரங்கள் சிறந்தவை. ஆனால் முளையடித்த இடம் தோட்டக்காரருக்குத் தெரிந்துவிட்டால், அவ்விடத்துக்கு இரண்டு குடம் நீர் கூடுதலாகச் சென்றுவிடுவதும் உண்டு! எனவே ஆண்டுதோறும் புதிதாகக் குலுக்கிய சில சதுரங்களையும் சேர்த்துக்கொள்வர். சரிவில் ஏறுபவரின் காலடியே மணலின் மேலோட்டை உடைக்குமாதலால், நடக்கும் தடத்தையும் முன்னரே வரையறுத்துக்கொள்ளல் நலம்.

2020ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம், சுரங்கப் பணி முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, தீவனமும் தாவரமும் விலங்கும் வாழத் தக்கதாக்குவதைச் சுரங்கக் குத்தகையின் நிபந்தனையாக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. அந்நிபந்தனை நிறைவேறியதா என்பதைச் சரிபார்க்க வருபவர் கையில் இருக்கவேண்டியவை ஒரு சட்டமும், ஒரு நாடாவும், குலுக்கி எடுத்த எண்களின் பட்டியலுமே.