உயிரியற் பொறியியல்: பல்கலைக்கழகத்துக்கு முன் பாடப்பிரிவைத் தெரிவோம்

மிளகை மழைக்காலத்திலும் பழுதாக விடாது காயவைக்கும் உலர்த்தி, பயிரின் வேருக்கு மட்டும் நீர் விடும் சொட்டுக் குழாய், இதயத் துடிப்பைத் தாளில் வரையும் ஈ.சி.ஜி. கருவி, காலிழந்தவருக்குப் பொருத்தும் செயற்கைக் கால் ஆகியவற்றை ஆக்குபவர்கள் உயிரினங்களையும் இயந்திரங்களையும் ஒருங்கே அறிந்தவர்கள். இத்துறையையே பொதுவாக உயிரியற் பொறியியல் என்கிறோம். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகும் மரக்கறி வழியிலேயே நசிந்து பழுதாவதைக் காணும் எமது நாலந்தா, நாவுல மக்களுக்கு இதன் பயனை விளக்கத் தேவையில்லை.

இதில் பட்டம் பெற எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது என்று உயர்தரப் பெறுபேறு வந்தபின் பெற்றோர் கேட்பதுண்டு. கேள்வி நல்லதே. ஆனால் அது பிந்தி வரும் கேள்வி. எமது நாட்டில் பல்கலைக்கழகத்தின் வாசல் க.பொ.த. சாதாரண தரம் முடித்து, உயர்தரப் பிரிவைத் தெரியும் நாளிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது.

மூன்று வாசல்கள்

முதலாவது, பொறியியற் பீடம். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றையும் படித்தவர்களே இதற்கு விண்ணப்பிக்கலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் பட்டம் உண்டு. அதற்கும் பொறியியற் பீடத்தின் ஊடாகவே செல்லவேண்டும். பெயரில் 'உயிர்' இருப்பதால் உயிரியல் படித்தால் போதும் என்று எண்ணும் பிள்ளை, இரண்டு ஆண்டு உழைப்பின் பின் இவ்வாசல் தனக்கு மூடியிருப்பதைக் காண்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைக்கும் இது நேரலாம்.

இரண்டாவது, விவசாய பீடம். உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் படித்தவர்களுக்கு உரியது. பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் விவசாயப் பொறியியலுக்கெனத் தனித் துறையே இயங்குகிறது. நீர்ப்பாசனம், பண்ணை இயந்திரங்கள், அறுவடைக்குப் பின்னான பாதுகாப்பு முதலியவற்றைக் கற்க விரும்புவோருக்கு இது நல்ல வழி.

மூன்றாவது, தொழினுட்ப பீடம். பாடசாலைகளில் 2013 ஆம் ஆண்டு ஆரம்பித்த தொழினுட்பப் பிரிவில், உயிர்முறைமைகள் தொழினுட்பவியலை ஒரு பாடமாக எடுத்தவர்கள் இங்கே அதே துறையில் பட்டம் பெறலாம். நாலந்தாவை ஊடறுக்கும் ஏ 9 வீதியில் வடக்கே சென்றால், மிகிந்தலையில் ரஜரட்டப் பல்கலைக்கழகத்தினதும் கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினதும் தொழினுட்ப பீடங்கள் உள்ளன.

இம்மூன்றும் மதிப்புள்ளவையே. ஆனால் மூன்றும் ஒன்றல்ல. தொழினுட்பப் பட்டமும் விவசாயப் பட்டமும் பொறியியற் பட்டத்துக்கு ஈடானவை என்று எண்ணிச் சேர்ந்து, பட்டயப் பொறியியலாளராகும் நேரத்தில் தடைப்படக்கூடாது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் அங்கீகரித்த பட்டமா என்பதை முன்னரே விசாரிக்கவேண்டும். அந்நிறுவனம் 2014 இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் உறுப்புரிமை பெற்றது. ஆகவே அதன் அங்கீகாரத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்புண்டு.

பாடசாலையில் கேட்கவேண்டியவை

நாலந்தாவிலிருந்து மாத்தளை நகரம் 25 கி.மீ. அளவு தூரம். பிள்ளையை அங்கே அனுப்புமுன், விரும்பிய பிரிவு தமிழ் மொழியில் நடைபெறுகிறதா, மூன்று பாடங்களுக்கும் நிரந்தர ஆசிரியர் உள்ளனரா, செய்முறைக்கு ஆய்வுகூடம் உண்டா என்று அதிபரிடம் நேரில் கேளுங்கள். அருகிலுள்ள பாடசாலையில் இருக்கும் பிரிவு என்பதற்காக மட்டும் ஒன்றைத் தெரியவேண்டாம்.

மாவட்டமும் விருப்ப ஒழுங்கும்

விஞ்ஞானத் துறைகளில் 40 சதவீத இடங்கள் வரை அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் வரை மாவட்ட அடிப்படையிலும் நிரப்பப்படுகின்றன. எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குரியது. அயலிலுள்ள நுவரெலியாவும் அனுராதபுரமும் அவற்றுள் அடங்கும், மாத்தளை அடங்காது. எமது பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை இல்லை என்பதை அறிந்தே ஆயத்தமாக வேண்டும். படித்த பாடசாலையும் மாவட்டத்தைத் தீர்மானிப்பதால், வேறு மாவட்டத்துக்கு மாறுமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலிலுள்ள விதியை வாசித்துக்கொள்க.

விண்ணப்பத்தில் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தனிக் குறியீடு உண்டு. மெய்யாக விரும்பும் ஒழுங்கிலேயே அவற்றை எழுதவேண்டும். இசற் புள்ளி போதுமான இடங்களுள் மேலே எழுதியதே கிடைக்கும். சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து விரும்பியதைக் கீழே தள்ளினால், கிடைக்கக்கூடியதும் கைநழுவும். எழுதாத குறியீடு கிடைக்கவே மாட்டாது.

செலவும் மொழியும்

அரச பல்கலைக்கழகத்தில் முதற் பட்டத்துக்குக் கற்பித்தற் கட்டணம் இல்லை. விடுதி, உணவு, பயணம் என்பவற்றுக்குப் பணம் தேவை. 1981 இல் சட்டப்படி நிறுவப்பட்ட மகாபொல நிதியத்தின் புலமைப்பரிசிலுக்குத் தகுதியுள்ளோர் தவறாது விண்ணப்பிக்கவேண்டும். இத்துறைகளில் விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடைபெறுவதால், உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடைப்பட்ட மாதங்களை ஆங்கிலம் படிக்கப் பயன்படுத்துவது நன்று.

காணியை ஈடுவைத்துத் தனியார் நிறுவனத்திலோ வெளிநாட்டிலோ சேர்க்க நினைப்போர் மூன்றை எழுத்தில் கேட்கவேண்டும். பட்டத்தை வழங்குவது யார்? மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்றுக்கொள்கிறதா? முழுப் பாடநெறிக்கும் மொத்தச் செலவு என்ன? உயிர்மருத்துவ விஞ்ஞானம் வேறு, உயிர்மருத்துவப் பொறியியல் வேறு என்பதும் நினைவிருக்கட்டும். சென்னை அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இந்திய நிறுவனங்களிலும் பொறியியலுக்குப் பெரும்பாலும் கணிதமும் பௌதிகவியலும் கேட்கப்படும்.

பட்டம் கிட்டாதவர்க்கும் பாதை உண்டு. குண்டசாலை, வவுனியா விவசாயக் கல்லூரிகளில் டிப்ளோமா பெற்று, தொழிற் தகைமைப் படிகளில் மேலே செல்லலாம்.

சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையிலேயே பிள்ளையுடன் அமர்ந்து பேசுங்கள். 'என்னவாக வரப்போகிறாய்?' என்பதோடு நிறுத்தாது, 'நோயாளிக்குக் கருவி செய்யவா, வயலுக்கு இயந்திரம் செய்யவா, விளைபொருளைப் பழுதாகாது காக்கவா விருப்பம்?' என்று கேளுங்கள். கணிதத்தில் பிள்ளைக்கு உள்ள பிடிப்பையும் ஆசிரியரிடம் அறியுங்கள். அவ்விரு விடைகளும் கிடைத்தால், எந்த வாசல் என்பது தெளிவாகும். அவ்வாசலுக்குரிய பல்கலைக்கழகத்தைத் தெரிவது அதன்பின் இலகுவான வேலையே.