34 ஆண்டுகள் தாமதமாக வந்த ரிப்ளி

"இந்தத் துண்டுப் பொம்மை 80 வெள்ளியா?"

அம்மா இப்படிக் கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன். வானொலியில் மணிக்கணக்காகப் பேசுகிறவளுக்கு, தானா ராத்தா வீட்டுக் கூடத்தில் இந்த ஒரு கேள்விக்குப் பதில் வராது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டி என்னைப் படிக்க வைத்தவர் அவர். 80 வெள்ளிக்கு எத்தனை கிலோ கொழுந்து என்று அவர் மனம் கணக்குப் போடுவது எனக்குத் தெரியும்.

நான் சேகரிப்பது அறிவியல் புனைகதைப் படங்களின் பொம்மைகள். அதிலும் பழைய பாணியில் செய்யப்பட்டவை. உயரம் மூன்றே முக்கால் அங்குலம். கழுத்து, இரண்டு கை, இரண்டு கால் என ஐந்து இடங்களில் மட்டும் அசையும். முகம் அந்த நடிகரைப் போலவும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். இன்றைய தொழில்நுட்பத்தில் கண் இமை வரை அச்சு அசலாகச் செய்ய முடியும். ஆனாலும் 1970களின் பொம்மை போலவே வேண்டுமென்றே எளிமையாகச் செய்து, அட்டையில் ஒட்டி விற்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் வாங்குகிறோம்.

காலிப் பெட்டிக்குக் காசு

கதை 1977இல் தொடங்குகிறது. 'ஸ்டார் வார்ஸ்' படம் அப்படி ஓடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பொம்மை உரிமையை வாங்கிய அமெரிக்க நிறுவனம் கென்னர், கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க முடியவில்லை. என்ன செய்தது தெரியுமா? பொம்மை இல்லாத பெட்டியை விற்றது! உள்ளே ஓர் அட்டையும் ஒரு சான்றிதழும். சான்றிதழை அனுப்பினால் மறு ஆண்டு நான்கு பொம்மைகள் தபாலில் வரும். லூக், லேயா, சூபாக்கா, ஆர்டூ-டிடூ. 1978இல் சொன்னபடியே வந்தன.

அந்தச் சின்ன அளவுக்கும் காரணம் உண்டு. பொம்மை சிறிதாக இருந்தால்தான் அது ஏறி உட்காரும் விண்கலத்தையும் ஒரு பிள்ளை கையில் தூக்கும் அளவில் செய்ய முடியும். பிறகு வந்த பல பொம்மை வரிசைகள் இந்த அளவையே பிடித்துக்கொண்டன.

1979இல் 'ஏலியன்' வந்தது. கென்னர் 18 அங்குல உயரத்தில் அந்த வேற்றுக்கிரகப் பிராணியைப் பொம்மையாக்கிக் கடைக்கு அனுப்பியது. படமோ பெரியவர்களுக்கானது. பொம்மையும் பயமுறுத்தியது. பெற்றோர் முகம் சுளித்தார்கள். அதே படத்துக்குத் திட்டமிட்ட சின்னப் பொம்மைகள் மாதிரி அளவிலேயே நின்றுபோயின. அவற்றில் ஒன்றுதான் நாயகி ரிப்ளி.

2013இல் சான் பிரான்சிஸ்கோவின் சூப்பர் செவன் நிறுவனம், கைவிடப்பட்ட அந்தப் பொம்மைகளுக்கு உயிர் கொடுத்தது. ஐந்து பொம்மைகள், பழைய பாணி அட்டையில் வெளிவந்தன. 'ரியாக்‌ஷன்' என்ற வரிசை அப்படித்தான் பிறந்தது. பிறகு ஃபன்கோ நிறுவனமும் சேர, 'டெர்மினேட்டர்', 'பேக் டு த ஃபியூச்சர்', 'பிரடேட்டர்' என்று வரிசை நீண்டது. 2019இல் ஹாஸ்ப்ரோவே 'ஸ்டார் வார்ஸ்' பொம்மைகளைப் பழைய அட்டையில் மறுபடி விற்கத் தொடங்கியது.

கவனித்தீர்களா? 1979இல் எந்தப் பிள்ளையும் ரிப்ளி பொம்மையோடு விளையாடவில்லை. நடக்காத ஒரு பிள்ளைப் பருவத்தின் நினைவைத்தான் 34 ஆண்டுகள் கழித்துக் கடையில் விற்றார்கள். எனக்குச் சொப்புச் சாமான் கிடைத்தது. ரோபோ பையன்களுக்கு என்றார்கள். அதனால்தானோ என்னவோ, நான் முதலில் வாங்கியது ரிப்ளி.

சென்னையும் பிறையும்

இது வெள்ளைக்காரர்களின் விளையாட்டு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையின் எம்.ஆர்.எஃப் குழுமம் ஹாஸ்ப்ரோவுடன் கைகோத்து 1987இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், ஜி.ஐ. ஜோ பொம்மைகளை இந்தியாவிலேயே செய்தது. அமெரிக்கப் பொம்மையில் இல்லாத நிறங்கள், மாறிப்போன உடல் பாகங்கள். அதற்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்று அவற்றைத் தேடுகிறார்கள். நம் நாட்டில் பினாங்கு பிறையில் உள்ள மேட்டல் தொழிற்சாலையிலிருந்து ஹாட் வீல்ஸ் கார்கள் உலகமெங்கும் போகின்றன. வீட்டில் இருந்தால் அடியைத் திருப்பிப் பாருங்கள், 'மலேசியா' என்றிருக்கும்.

விலையைக் கேட்டால் தலை சுற்றும். ராக்கெட் சுடும் போபா ஃபெட் பொம்மையைப் பிள்ளைகளின் தொண்டையில் சிக்கும் என்று கென்னர் விற்பனைக்கே விடவில்லை. மிஞ்சிய மாதிரிகளில் ஒன்று 2024இல் 5,25,000 அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. அதைக் கேட்டு யாரும் ஆசைப்பட வேண்டாம். புதிதாக அச்சடிக்கும் பழைய பாணிப் பொம்மை முதலீடு ஆகாது. பிடித்தால் வாங்குங்கள், அவ்வளவுதான்.

மலையில் சேகரிப்பவருக்கு இன்னொரு தொல்லை ஈரம். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். பனிமூட்டம் வீட்டுக்குள் வரும். அட்டை வளையும், பூஞ்சை பூக்கும். காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை நான் வீசுவதில்லை. ஜன்னல் வெயில் பட்டால் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும். பொம்மை பிசுபிசுத்தால் மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும்.

அம்மா பிரித்த அட்டை

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து வீடு திரும்பினேன். அலமாரியைப் பார்த்ததும் திக்கென்றது. மூன்று பொம்மைகள் அட்டையிலிருந்து பிரிக்கப்பட்டு, கழுவித் துடைத்து, வரிசையாக நின்றன. அவற்றில் ரிப்ளியும் ஒன்று. சேகரிப்பாளருக்கு அட்டை பிரிந்தால் பாதி மதிப்பு போச்சு.

"ஏம்மா பிரிச்சீங்க?" என்று கத்திவிட்டேன்.

"பூஞ்சை பிடிச்சிருந்துச்சு. பொம்மை விளையாடத்தானே?" என்றார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உனக்கு ஆறு வயசுல பிரிஞ்சாங் பசார் மாலாம்ல ஒரு ரோபோ கேட்டு அழுத. அப்பா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தாரு. அந்த மாசம் கையில காசு இல்ல. நீ இதெல்லாம் வாங்கும்போது அதைத்தான் வாங்குறன்னு நெனச்சுக்கிட்டேன்."

எனக்கு அந்த இரவு நினைவிலேயே இல்லை. அழுத பிள்ளை மறந்துவிட்டது. வாங்கித் தர முடியாதவர் முப்பது வருடமாக அதைச் சுமந்திருக்கிறார். 80 வெள்ளியா என்று அவர் கேட்டது கொழுந்துக் கணக்கு மட்டுமல்ல என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று மாலை பிரிஞ்சாங் 'டைம் டனல்' அருங்காட்சியகத்துக்கு அவரை அழைத்துப் போனேன். பழைய தகர டப்பாக்கள், கடைப் பலகைகள், பொம்மைகள். ஒவ்வொன்றின் முன்னும் நின்று, "இது நம்ம லயத்து வீட்டுல இருந்துச்சு, அது தண்டல் வீட்டுல இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தோட்டத்து வீட்டைக் காலி செய்தபோது நாங்கள் குப்பையில் போட்ட சாமான்களுக்கு அங்கே கண்ணாடிப் பெட்டி.

இரவு ரிப்ளியைக் கையில் எடுத்து, "இந்தப் பொண்ணு யாரு?" என்றார். கதை சொன்னேன். சரக்குக் கப்பலில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவள். அந்தப் பிராணி வேண்டும், ஆட்கள் போனாலும் பரவாயில்லை என்பது கம்பெனியின் உத்தரவு. எல்லாரும் சாக, இவள் ஒருத்தி பூனையோடு தப்பிக்கிறாள்.

"பூனையையும் காப்பாத்திட்டாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ரிப்ளியை முன்வரிசைக்கு நகர்த்தி வைத்தார். அவள் இப்போதும் அங்கேதான் நிற்கிறாள், அட்டை இல்லாமல்.