மாதுளம்சாறும் பி.எஸ்.ஏ. கணக்கும்

நெடுந்தீவில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் டொக்டர் சொல்வது ஒருபக்கம், ஊர் சொல்வது இன்னொருபக்கம். அன்னமுன்னா இலையை அவித்துக் குடி, மாதுளை குடி என்பார்கள். குறிகட்டுவானுக்குப் படகு, யாழ்ப்பாணத்துக்குப் பஸ், பிறகு தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி என்று அலைகிற மனிதருக்கு முற்றத்திலேயே மருந்து நிற்கிறது என்பது ஆறுதல்தான். அதைக் கேலி செய்ய மனம் வராது.

ஆனால் மாதுளையின் கதை ஆய்வுகூடம் வரை போய்வந்திருக்கிறது. புரொஸ்டேட் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையோ கதிர்ச் சிகிச்சையோ முடித்தவரின் இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரதம் மறுபடி ஏறினால், நோய் திரும்புகிறது என்று சந்தேகிப்பார்கள். அந்த பி.எஸ்.ஏ. இரட்டிப்பாக எத்தனை மாதம் எடுக்கிறது என்பதே கணக்கு. லொஸ் ஏஞ்சலிஸில் அலன் பன்டக் குழுவினர் இப்படிப்பட்ட நோயாளிகளுக்குத் தினமும் ஏறக்குறைய 240 மில்லிலீற்றர் மாதுளம்சாறு கொடுத்துப் பார்த்தார்கள். 2006இல் முடிவு வந்தது: 15 மாதமாக இருந்த சராசரி இரட்டிப்புக் காலம் 54 மாதமாக நீண்டிருந்தது!

யாருக்கும் வாயூறும் எண். ஆனால் சாறு குடிக்காத ஆட்களை அந்த ஆய்வில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவில்லை. பணம் கொடுத்ததும் மாதுளம்சாறு விற்கும் கம்பனியின் உரிமையாளர்களே.

அதே குழு 2015இல் 183 பேரை வைத்து மறு ஆய்வை வெளியிட்டது. இம்முறை ஒரு பகுதியினருக்கு மாதுளையே இல்லாத வெற்றுப் பானம். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. வெற்றுப் பானம் குடித்தவர்களுக்கும் இரட்டிப்புக் காலம் 11 மாதத்திலிருந்து 15 மாதத்துக்கு மேல் நீண்டது. குழுக்களுக்கிடையே நம்பத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை. பி.எஸ்.ஏ. கூடிக் குறையும் ஒன்று; வேகமாக ஏறும் நேரத்தில் ஆய்வுக்குள் வருகிறவருக்குப் பிறகு அது தானாகவே தணிந்ததுபோலத் தெரியும். முதல் ஆய்வின் புகழில் எவ்வளவு சாற்றுக்குரியது என்று இனி யார் சொல்வது?

நம் நாட்டிலும் நாட்டு மருந்தை இப்படிச் சோதிக்க முயன்றிருக்கிறார்கள். கருஞ்சீரகம், நன்னாரி, பறங்கிப்பட்டை மூன்றும் சேர்ந்த பரம்பரைக் கசாயத்தைக் கொழும்பில் இரா தப்ரூ குழுவினர் எலிகளுக்குக் கொடுத்து, ஈரல் புற்றைத் தடுக்கும் அறிகுறிகளைக் கண்டார்கள். நல்ல வேலை. எலியின் ஈரலிலிருந்து மனிதனின் புரொஸ்டேட்டுக்கு இன்னும் நெடுந்தூரம்.

குடிப்பதென்றால் குடியுங்கள், கிளினிக்கில் மறைக்காதீர்கள். மூலிகை என்று விற்பதற்குள் என்ன இருக்கிறதென்று நமக்குத் தெரியாது. எட்டு மூலிகைகள் என்று அமெரிக்காவில் விற்ற 'பிசி-ஸ்பெஸ்' என்ற மருந்து பி.எஸ்.ஏ.வை உண்மையிலேயே இறக்கியது. சோதித்துப் பார்த்தபோது அதற்குள் செயற்கைப் பெண் ஹோர்மோனும், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் இருந்தன. 2002இல் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.