முழங்கால் கேட்பது ஓய்வை அல்ல

எலும்பும் தசையும் – 11

முதுகு பிடித்துக்கொண்டவரைப் படுக்கையில் கிடத்தி வைப்பது அவருக்கு உதவாது என்று சென்ற வாரம் பார்த்தோம். ஹெல்சிங்கி நகர ஊழியர்கள் 186 பேரிடம் நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு நாள் படுத்திருந்தவர்களைவிட, வலி விட்ட அளவுக்கு அன்றாட வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களே விரைவில் தேறினார்கள். முதுகுவலி விஷயத்தில் இதை ஏற்றுக்கொள்ளும் குடும்பங்கள்கூட, வலி முழங்காலுக்கு வந்துவிட்டால் பழைய வழிக்கே திரும்பிவிடுகின்றன. ஐம்பதைத் தாண்டிய அம்மாவுக்கு எக்ஸ்ரே எடுத்து, முட்டி தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும். அன்று மாலையிலிருந்தே மாடிப்படி ஏறக் கூடாது, கோயிலுக்கு நடந்து போகக் கூடாது, கீழே உட்காரவே கூடாது. அத்தனையும் அக்கறையில் பிறந்த தடைகள். அந்தத் தடைகள்தான் அவருடைய வலியை முற்றவைக்கின்றன என்பதே இந்த வாரம் நான் சொல்ல வந்தது. ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் எனப்படும் தேய்மான மூட்டுவலிக்கு முதல் மருந்து, அளவறிந்து தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும் உழைப்பு. மாத்திரை, ஊசி, அறுவைச் சிகிச்சை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தத் தடைகளுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மூட்டு என்பது வண்டி டயர் போன்றது. ஓட ஓடத் தேயும். ஓடாமல் நிறுத்தினால் கொஞ்ச காலம் கூடுதலாக உழைக்கும். ஆனால் எலும்பு முனைகளில் படர்ந்திருக்கும் குருத்தெலும்பு உயிருள்ள திசு. அதற்குள் ரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுக்குள் சுரக்கும் திரவத்திலிருந்துதான் அதன் செல்களுக்கு ஊட்டம் வந்தாக வேண்டும். காலில் எடை விழும்போது குருத்தெலும்பு அழுந்துகிறது, எடை விலகும்போது விரிகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில்தான் திரவம் உள்ளே போய் வருகிறது. அசையாத மூட்டு இந்த ஊட்டத்தை இழக்கிறது. டயர் கணக்குப்படி பார்த்தால் ஓட்டக்காரர்களின் முட்டிதான் முதலில் போக வேண்டும். 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடல்நலத்துக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதத்தினருக்கே இடுப்பு, முழங்கால் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களிடம் அது 10.2 சதவீதம். போட்டிகளுக்காக ஓடுபவர்களிடமோ 13.3 சதவீதம். முட்டி நன்றாக இருப்பவர்கள்தானே ஓட வருவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஓடினால் நோய் வராது என்று இந்த எண்களை வைத்து நிரூபித்துவிட முடியாது. ஆனால் பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும் என்ற எளிய கணக்கு இதற்குள் அடங்கவில்லை. முழு ஓய்விலும் கேடு, அளவு மீறிய உழைப்பிலும் கேடு என்றுதான் அவை காட்டுகின்றன.

எக்ஸ்ரேயைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். படத்தில் எலும்பு இடைவெளி வெகுவாகக் குறைந்திருந்தும் வலியில்லாமல் நடமாடுபவர்கள் உண்டு. படம் ஓரளவு நன்றாக இருந்தும் வலியில் தவிப்பவர்களும் உண்டு. பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 45 வயதைக் கடந்தவருக்கு நடமாடும்போது மூட்டு வலித்து, காலை இறுக்கம் இல்லாமலோ அரை மணி நேரத்துக்குள் விலகியோ போனால், படம் எடுக்காமலேயே இந்த நோயை உறுதிசெய்யலாம் என்கிறது. படம் சிகிச்சையைப் பெரிதாக மாற்றுவதில்லை, பயத்தைத்தான் கூட்டுகிறது. ‘எலும்பும் எலும்பும் உரசுகிறது’ என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு வந்தவர் அடுத்த அடியை எடுத்து வைக்கவே அஞ்சுகிறார்.

அந்த அச்சத்தின் முதல் பலி தொடையின் முன்பக்கத் தசை. நடக்கும்போதும் படி இறங்கும்போதும் முழங்காலில் இறங்கும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வது இதுதான். வலியால் தசை மெலிகிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தும் வலியே இல்லாதவர்களிடம்கூட இந்தத் தசை பலவீனமாக இருப்பதைக் கண்டது. அப்படியானால் பலவீனம் வலியின் விளைவு மட்டுமில்லை. அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கவும் கூடும். ஓய்வு இந்தப் பலவீனத்தை வளர்க்கிறது. கூடவே எடையும் ஏறுகிறது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் அளந்து சொன்னார்கள். ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடி நடக்கிறோம்! அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர்ப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த 1992ஆம் ஆண்டு ஆய்வில், பத்து ஆண்டுகளில் ஐந்து கிலோ அளவுக்கு எடை குறைந்தவர்களுக்கு வலியோடு கூடிய முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே போனது. ஐந்து கிலோ எட்டாத இலக்கு இல்லை.

இந்த வாதத்தின் மீது வைக்கக்கூடிய வலுவான மறுப்பு நம் வயல்களிலிருந்து வருகிறது. நாற்று நடுகிற, களை எடுக்கிற, செங்கல் சுமக்கிற பெண்கள் ஓய்வென்பதையே அறியாதவர்கள். உடலில் கூடுதல் எடையும் கிடையாது. உழைப்புதான் மருந்து என்றால் அவர்களுக்கு ஏன் முட்டி வலிக்கிறது? இதைத் தட்டிக்கழிக்க முடியாது. பெய்ஜிங்கில் நடந்த ஆய்வுகள் இதற்கு வெளிச்சம் தருகின்றன. அந்நகரத்து வயதான பெண்கள் அமெரிக்கப் பெண்களைவிட ஒல்லியானவர்கள். ஆனாலும் முழங்கால் தேய்மானம் அவர்களிடம்தான் அதிகம். இளம் வயதில் நாளுக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குந்தி உட்கார்ந்து பழகியவர்களுக்கு, அப்படி உட்காராதவர்களைவிட நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று 2004இல் வெளியான முடிவு சொன்னது. உழைப்பு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறுபட்ட காரியங்களை அடக்குகிறோம். ஒரே நிலையில் மணிக்கணக்காக மூட்டை அழுத்தி வைப்பது ஒன்று. தசையைச் சுருக்கி நீட்டி, இடையில் ஆற விட்டு, வாரத்துக்கு வாரம் சிறிது கூட்டிக்கொண்டே போவது இன்னொன்று. இடுப்பிலிருந்து குனிந்து நாள் முழுக்க நடவு நடுகிற பெண்ணுக்கு முதுகும் முட்டியும் களைக்கின்றன. முட்டியைக் காக்க வேண்டிய தொடைத் தசைக்கோ தனியாக எந்த வலிமையும் சேர்வதில்லை. வேலையின் அளவும் அவர் கையில் இல்லை. இன்று வலிக்கிறது, பாதி போதும் என்று அவர் சொன்னால் கூலியும் பாதியாகிவிடும்.

எனவே அவரிடம் போய் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று மட்டும் சொல்வது கொடுமை. அவருக்கு முதலில் வேண்டியது வேலையின் அமைப்பில் மாற்றம்: அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து நடக்க இடம், குந்தாமல் களை எடுக்க நீண்ட பிடி வைத்த கருவி, பீடி சுற்றுபவருக்கு உயரமான இருக்கை, சுமையைப் பிரித்துத் தூக்கும் ஏற்பாடு. அதோடு சேர்த்துத்தான் தசைப் பயிற்சி. தரையில் உட்காரும் நம் வழக்கத்தையும் இதே கண்ணோடு பார்க்கலாம். சாப்பிடுகிற நேரத்துக்குச் சம்மணமிட்டு எழுவதைப் பாவமாக்க வேண்டியதில்லை. எழுந்திருப்பதே ஒரு பயிற்சிதான். மணிக்கணக்காக அப்படியே இருப்பதுதான் சிக்கல். வலி கடுமையாக உள்ளவருக்குச் சில காலம் முக்காலியும் உயரமான கழிப்பறை இருக்கையும் தேவைப்படலாம்.

பயிற்சி செய்தால் வலிக்கிறதே, வலித்தால் மூட்டு கெடுகிறது என்றுதானே அர்த்தம் என்பது அடுத்த கேள்வி. வலி எப்போதும் சேதத்தின் அளவுகோல் இல்லை. ஆறு மாதமாக வேலையே கொடுக்காத தசையும் மூட்டும் முதல் சில வாரங்களுக்கு முனகத்தான் செய்யும். பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு கோடு போட்டுப் பாருங்கள். பயிற்சியின்போது வலி ஐந்தைத் தாண்டாமல், ஒரு நாளைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. மறுநாளும் வலி தூக்கலாக இருந்தால், அல்லது முட்டி வீங்கினால், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பயிற்சியை விட்டுவிடக் கூடாது. தொடக்கம் மிக எளிதாகவே இருக்கட்டும். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்தி ஐந்து எண்ணும் வரை தொடையை இறுக்குவது; நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு காலை நீட்டி நிறுத்துவது. இவை சுலபமானதும் கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மெல்ல உட்காருவது. இந்தக் கடைசிப் பயிற்சிதான் எல்லாவற்றிலும் பயனுள்ளது என்பேன். பேருந்து இருக்கையிலிருந்தும் கட்டிலிலிருந்தும் எழ வேண்டிய உடலுக்கு அது நேராக உதவுகிறது. பிறகு ஒற்றைப் படியில் ஏறி இறங்கலாம். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் தசைப் பயிற்சி, மற்ற நாள்களில் நடை. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பெரும்பாலானவர்கள் மூன்றாவது வாரத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள் என்பதுதான் துயரம்.

இவ்வளவு பாடுபட்டும் பலன் எவ்வளவு என்று கணக்குக் கேட்பவர்கள் உண்டு. கேட்கத்தான் வேண்டும். காக்ரேன் அமைப்பு 2015இல் தொகுத்த ஆய்வுகளில், பயிற்சி செய்தவர்களின் வலி நூறு புள்ளி அளவுகோலில் சராசரியாக 12 புள்ளி குறைந்திருந்தது. மேலும் பல ஆய்வுகளைச் சேர்த்து 2024இல் வந்த மறுபதிப்பில் பலன் இன்னும் குறைவாகவே தெரிந்தது. இது அற்புத மருந்து இல்லை. அப்படிச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். ஆனால் எதிரில் நிற்பவை என்ன? தேய்ந்த முட்டிக்குள் கருவி விட்டுக் கழுவிச் சுரண்டும் சிகிச்சையை, தோலை மட்டும் கீறித் தைத்த போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டு, முன்னதில் கூடுதல் பலன் இல்லை என்று 2002இல் ஹூஸ்டன் மருத்துவர்கள் காட்டினார்கள். குளுக்கோசமைன் மாத்திரை 1,583 பேரிடம் நடந்த 2006ஆம் ஆண்டு ஆய்வில் மொத்தத்தில் வெற்று மாத்திரையை வெல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி என இரண்டு ஆண்டு போட்டவர்களுக்கு, உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட வலியும் குறையவில்லை, குருத்தெலும்பும் கூடுதலாகக் கரைந்தது என்று 2017இல் தெரியவந்தது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வேலை செய்கின்றன. ஆனால் ஆண்டுக்கணக்கில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் இதயமும் அதற்கு விலை கொடுக்கும். அதே மருந்தைக் களிம்பாக முட்டியில் தடவுவது பல மடங்கு பாதுகாப்பானது. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கூடவே இறக்கிவைக்கும் சிகிச்சை இந்தப் பட்டியலில் பயிற்சி ஒன்றுதான்.

மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதற்குத் தகுதியானவர்கள் 100 பேரை டென்மார்க்கில் இரண்டு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2015இல் வந்தது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. தீவிரமான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே அதிகம். பயிற்சி, உணவு மாற்றம், மருந்து என்று மட்டும் தொடங்கிய 50 பேரில் ஓராண்டுக்குள் அறுவைச் சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தவர்கள் 13 பேர். மற்றவர்களுக்கு அந்த ஆண்டில் கத்தி தேவைப்படவில்லை. 2017இல் மத்திய அரசு செயற்கை மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதித்து, அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டை 54,720 ரூபாய்க்குக் கொண்டுவந்தது நல்ல காரியம். மாதக்கணக்கில் முறையாகப் பயிற்சி செய்தும் இரவுத் தூக்கம் கெட்டு, வீட்டுக்குள் நடக்கவே முடியாதவர் தயங்காமல் அறுவைச் சிகிச்சைக்குப் போகலாம். பயிற்சியையே பார்க்காமல் நேராக அங்கே அனுப்பப்படுபவர்களுக்காகத்தான் கவலைப்படுகிறேன்.

சரி, பயிற்சியை யார் சொல்லித் தருவது? புறநோயாளிகள் வரிசையில் இரண்டு நிமிடம் கிடைக்கும் மருத்துவரால் முடியாது. அச்சடித்த தாளும் போதாது. டென்மார்க் 2013இல் ஒரு வழி கண்டது. நோயைப் பற்றி இரண்டு மூன்று வகுப்புகள், பிறகு பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் குழுவாக ஆறு வாரத்துக்குப் பன்னிரண்டு பயிற்சி அமர்வுகள். அவ்வளவுதான். விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் அதில் இல்லை. நாற்காலியும் படியும் பாயும் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் ஏற்கெனவே நோயாளிகளின் வீடு தேடிப் போகிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வாங்க மாதாமாதம் வரும் பெண்களில் முட்டி வலிக்கிறது என்று சொல்பவர்களை வாரத்துக்கு இரண்டு மாலை ஒன்றுசேர்த்தால், இதே வகுப்பை இங்கேயும் நடத்தலாம். தனியாகச் செய்யும்போது மூன்றாவது வாரம் விட்டுவிடுபவர்கள், பத்துப் பேரோடு செய்யும்போது பன்னிரண்டாவது வாரத்தையும் பார்த்துவிடுவார்கள்.

இவை யாவும் தேய்மான வலிக்குச் சொன்னவை. காலையில் விரல்களும் மணிக்கட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகிக்கிடந்தால், இரு கைகளிலும் சிறு மூட்டுகள் வீங்கினால், அது வேறு நோயாக இருக்கலாம். காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் சிவந்து சூடாக வீங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்கும் முடக்குவாதத்தில் முதல் சில மாதங்களுக்குள் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தைத் தொடங்குவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.