அரை டன் சூக்ஷ்மம்

வெண்ணந்தூரிலிருந்து மேற்கே மல்லசமுத்திரத்துப் பக்கமாகச் சுமார் பத்து கிலோமீட்டர் சென்றால், கண்ணுக்குப் புலப்படாத ஒரு கோட்டை நாம் கடந்துவிடுகிறோம். கிரீனிச்சுக்குக் கிழக்கே 78 பாகையில் வடக்குத் தெற்காக ஓடும் தீர்க்கரேகை அது. கன்னியாகுமரிக்கு அருகிலிருந்து இமயமலையின் அடிவாரம் வரையில், ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமியின் வளைவை அளந்து, அதன் உண்மையான வடிவம் என்னவென்று நிர்ணயிக்க முயன்ற மகத்தான காரியம் இந்த ரேகையை ஒட்டியே நடந்தது. 1802-ல் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சென்னையில் தொடங்கிய அந்த வேலையை, 1841-ல் ஜார்ஜ் எவரெஸ்ட் இமயத்தின் நிழலில் முடித்தார். அதைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் வந்துவிட்டன. ஆனால் அளப்பதற்கு வேண்டிய கருவிகள் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த கதை இருக்கிறதே, அது தனியாகவே சொல்லத்தக்க சுவை உடையது. ஏனெனில், ஒவ்வொரு கட்டத்திலும் அவை வராமலே போயிருக்கக்கூடும்.

முதலில் சங்கிலி. நூறு அடி நீளமுள்ள அந்த எஃகுச் சங்கிலி, லண்டனில் பெரும் பெயர் பெற்ற ராம்ஸ்டன் என்ற கருவிக் கலைஞர் செய்தது. லாம்டனுக்காக அல்ல, சீனச் சக்கரவர்த்திக்காக. 1793-ல் மெக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழு பீகிங் சென்றபோது ஐரோப்பிய விஞ்ஞானத்தின் பெருமையைக் காட்டும் உபகரணங்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோயிற்று. சக்கரவர்த்தியோ, இவற்றால் தமக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். குழுவில் இருந்த டின்விடி என்ற விஞ்ஞானி அவற்றில் சிலவற்றோடு கல்கத்தாவுக்கு வந்து சேர, அவரிடமிருந்து அந்தச் சங்கிலியும், நட்சத்திரங்களின் உச்ச தூரத்தை அளக்கும் ஒரு கருவியும் லாம்டன் கைக்கு வந்தன. ஒருவர் வேண்டாமென்று ஒதுக்கிய பரிசு, 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி பரங்கிமலை அருகே வெயிலில் விரிக்கப்பட்டு, ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியது. ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறினால் நூறு அடி எஃகு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக நீண்டுவிடும் என்பதால், சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, கூடவே வெப்பமானிகளையும் வைத்து, ஒவ்வொரு முறையும் கணக்கைத் திருத்தினார்கள்.

அடுத்தது, அந்த அடிக்கோட்டின் முனைகளிலிருந்து தொலைவிலுள்ள உச்சிகளின் கோணங்களை அளந்து, முக்கோணம் முக்கோணமாகத் தூரத்தைக் கணக்கிட்டுக்கொண்டு போக உதவும் தியோடலைட் என்னும் பெருங்கோணமானி. லண்டனில் கேரி என்பவர் செய்தது. மூன்றடி விட்டமுள்ள வட்டம். எடை அரை டன். அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸ் தீவுக்கு இழுத்துச் சென்றுவிட்டார்கள். பீரங்கியோ வெடிமருந்தோ என்று பெட்டிகளைத் திறந்து பார்த்திருப்பார்கள் போலும். உள்ளே இருந்தது வானத்தையும் பூமியையும் அளக்கும் யந்திரம் என்று தெரிந்ததும், அத்தீவின் பிரெஞ்சு கவர்னர் அதை மறுபடியும் கட்டுவித்து, மரியாதையான ஒரு கடிதத்தோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். இரு தேசங்களுக்கும் பகை மூண்டிருந்த காலம் அது. பிடித்த கப்பலில் இருந்த பொருளைப் பகைவனுக்கே அனுப்புவதென்றால், விஞ்ஞானத்துக்கு அந்த மனிதர் கொடுத்த மதிப்பை நாம் மனமாரப் போற்ற வேண்டியதுதான்.

இவ்விடத்தில் சேலத்துக்காரர்களுக்கு வேறொரு பெட்டியின் நினைவு வந்தே தீரும். 2016 ஆகஸ்ட் 8-ஆம் தேதி இரவு சேலத்திலிருந்து எழும்பூருக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ரயிலில், ரிசர்வ் வங்கிக்காக 342 கோடி ரூபாய் பெட்டி பெட்டியாகப் போயிற்று. மறுநாள் சென்னையில் திறந்து பார்த்தபோது, ரயில் பெட்டியின் கூரையில் ஓர் ஓட்டை. 5 கோடியே 78 லட்சம் ரூபாயைக் காணோம். சரியாக மூன்று மாதம் கழித்து, நவம்பர் 8-ஆம் தேதி, ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லா என்று அரசு அறிவித்தது. அத்தனை சாமர்த்தியத்துடன் ஓடும் ரயிலின் கூரையை அறுத்து எடுத்த கட்டுகளில் அவ்வகை நோட்டு எவ்வளவு மிஞ்சியிருந்ததோ, அவ்வளவும் திருடியவர் கையில் வெறுங்காகிதமாயிற்று. நோட்டின் மதிப்பு சட்டத்தின் வாக்கில் இருக்கிறது. வைரத்தின் மதிப்பு அதன் பொருளிலேயே இருக்கிறது. இந்திய மண்ணில் பிறந்த ‘ஹோப்’ வைரத்தை 1958-ல் நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் பொருட்காட்சிசாலைக்குப் பழுப்புக் காகிதத்தில் சுற்றிப் பதிவுத் தபாலில் அனுப்பத் துணிந்தார்கள். தபால்காரர் கைதவறிக் கீழே போட்டிருந்தாலும் அதன் பெரும்பங்கு மதிப்பு பிழைத்திருக்கும். லாம்டனின் கோணமானியோ இரண்டு வகையிலும் சேராது. உருக்கி விற்றால் அரை டன் உலோகத்தின் விலை, அவ்வளவே. அதன் மதிப்பெல்லாம் அதன் வட்டம் வட்டமாக இருப்பதில் அடங்கியிருந்தது.

எவ்வளவு வட்டமாக என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஒரு பாகையை 3,600 விகலைகளாகப் பிரிக்கிறோம். மூன்றடி வட்டத்தின் விளிம்பில் ஒரு விகலைக்குக் கிடைக்கும் இடம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நானூற்றைம்பதில் ஒரு பங்குதான்; நம் தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்கு என்றும் சொல்லலாம். இந்த அணுவளவு பிழையானது 50 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு குன்றின் உச்சியைக் குறிக்கும்போது கால் மீட்டராக வளர்ந்து நிற்கும். அங்கிருந்து அடுத்த முக்கோணம், அதிலிருந்து அடுத்தது என்று நூற்றுக்கணக்கான மைல் போகவேண்டியவருக்கு அரை டன் யந்திரத்தின் கனம் ஒரு பொருட்டல்ல. அதன் சூக்ஷ்மமே பொருட்டு.

நம் பக்கத்தில் சர்வே செய்பவருக்கு இயற்கையே மேடை அமைத்துக் கொடுத்திருக்கிறது. சேர்வராயன் மலை, கொல்லிமலை, போதமலை, வெண்ணந்தூருக்கு அண்மையிலேயே அலவாய்மலை என்று எத்திசையிலும் ஓர் உச்சி தெரிகிறது. யந்திரத்தைச் சுமந்து ஏறுவதுதான் சிரமம். காவிரியின் கழிமுகச் சமவெளியிலோ ஏறுவதற்குக் குன்றே கிடையாது. தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். ஆகவே 1808-ல் தஞ்சாவூருக்கு வந்த லாம்டன், கோயிலின் உச்சியையே மலையாகக் கொண்டார். கப்பியும் வடமும் கட்டி, கோணமானியைப் பெட்டியோடு மேலே இழுத்துக்கொண்டிருந்தபோது, அது சுவரில் படாதபடி விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்துவிட்டது. அரை டன் பளு ஊசலாகத் திரும்பிக் கருங்கல்லில் மோதியது. வட்டத்தை நுணுக்கமாகத் திருப்பும் திருகாணியும் அதன் பிடியும் இருந்த இடத்தில் அடி விழுந்து, வட்டம் கோணிப்போயிற்று.

பெட்டி இருந்தும் ஏன் காக்கவில்லை? மோதும் பொருளின் வேகம் எவ்வளவு தூரத்துக்குள் அடங்குகிறது என்பதே கேள்வி. விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் வந்த பளு ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றாக வேண்டுமானால், அதன் ஒவ்வோர் உறுப்பும் தன் எடையைப்போல் இருபது மடங்கு விசையைத் தாங்க வேண்டும்; பத்து சென்டிமீட்டர் அவகாசம் கிடைத்தால் இரண்டு மடங்கு போதும். நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாகப் போகும் முட்டைகளைப் பாருங்கள்: முப்பது குழியுள்ள அந்த அட்டைத் தட்டு, அதிர்ச்சி வரும்போது தான் நசுங்கிக்கொடுத்து அந்த அவகாசத்தை அளிக்கிறது, அத்துடன், முட்டையை ஒரு புள்ளியில் அழுத்தாமல் சுற்றிலும் ஏந்திக்கொள்கிறது. கடினமான மரப்பெட்டி இவ்விரண்டில் எதையும் செய்வதில்லை. வாங்கிய அடியை அப்படியே உள்ளே கடத்தி, பொருளில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் உறுப்பின் தலையில் அதைக் குவித்துவிடுகிறது. திருகாணிக்கு நேர்ந்தது இதுதான்.

வேறொருவராயிருந்தால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்திருப்பார். லாம்டனிடம் பிற்காலத்தில் பணிபுரிந்த எவரெஸ்ட், நடந்ததை எழுதிவைத்திருக்கிறார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர ஒருவரையும் உள்ளே விடாமல் லாம்டன் ஒரு கூடாரத்தில் அடைந்துகொண்டார். கருவியை உறுப்பு உறுப்பாகக் கழற்றினார். பெரிய பலகையொன்றில் வேண்டிய அளவுக்குச் சரியாக ஒரு வட்டத்தை வெட்டி, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு, கோணிய வளையத்தைச் சிறிது சிறிதாக இழுத்து அதில் பொருந்தச் செய்தார். வளைந்த ஆரச் சட்டங்கள் சிறு கொட்டாப்புளிகளால் தட்டி நிமிர்த்தப்பட்டன. இதற்கு ஆறு வாரம் ஆயிற்று. அவசரப்பட முடியாததற்கு உலோகத்தின் குணமே காரணம். அதை வளைத்துவிட்டால் கொஞ்சம் வளைந்தபடி நிற்கும், கொஞ்சம் தானே திரும்பிக்கொள்ளும். எவ்வளவு திரும்பும் என்பதை விட்டுப் பார்த்துத்தான் அறியவேண்டும். முட்டை உடைந்தால் மீளாது. உலோகம், உடையாமல் வளைந்திருக்கும் வரையில், பொறுமையுள்ளவனுக்கு மீண்டும் வசப்படும். அந்த ஆறு வாரத்தை நான் இந்தச் சரித்திரம் முழுவதிலும் மேலானதாகக் கருதுகிறேன்.

சீரான வட்டம் என்று கண்ணுக்குத் தோன்றினால் போதுமா? போதாது; ஆனால் மிச்சமிருக்கும் கோணலுக்கு ஜியோமிதியில் பரிகாரம் உண்டு. வட்டத்தின் மையம் அச்சிலிருந்து இம்மி விலகியிருந்தால், எதிரெதிரே பொருத்திய நுண்ணோக்கிகளில் ஒன்று கூட்டிக் காட்டும், மற்றது அதே அளவு குறைத்துக் காட்டும். இரண்டின் சராசரியில் அப்பிழை மறைந்துபோகும். பிறகு முக்கோணமே சாட்சி சொல்லும். பூமி உருண்டையாதலால், பக்கத்துக்கு 50 கிலோமீட்டர் உள்ள ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகைக்கு மேல் ஐந்தரை விகலை அதிகமாக வரவேண்டும். அளந்த தொகை அதற்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்று பார்த்துக் கருவியின் யோக்கியதையை எந்த மலையுச்சியிலும் பரிசோதித்துக்கொள்ளலாம்.

செப்பனிட்ட கோணமானியோடு லாம்டன் வடக்கு நோக்கி நகர்ந்து, 1823-ல் ஹிங்கன்காட் என்ற ஊரில் வேலை நடுவிலேயே காலமானார். கருவி ஓயவில்லை. எவரெஸ்ட் அதைக் கல்கத்தாவில் பாரோ என்ற கருவி வல்லுநரிடம் கொடுத்துப் புதுப்பித்தார். இன்றும் அது டேராடூனில் சர்வே இலாகாவின் பாதுகாப்பில் இருக்கிறது. பாரோவுக்குப் பின், 1843-ல், அரசாங்கக் கணிதக் கருவிகளுக்கெல்லாம் பொறுப்பேற்றவர் நம் ஆற்காட்டில் பிறந்த சையத் மீர் மொஹ்சின் ஹுசைன். சென்னையில் ஒரு நகைக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை, அவருடைய கைத்திறனைக் கண்டு சர்வே அதிகாரிகள் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றிருந்தார்கள்.