பணவீக்கம் ஏறினால் கடன் அசலும் ஏறும்... ஐஸ்லாந்தில் இது எப்படி?

ஐஸ்லாந்தில் 2023 பிப்ரவரியில் பணவீக்கம் 10.2 சதவீதத்தைத் தொட்டது. பால், பெட்ரோல் விலை ஏறுவது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். ஆனா அங்கே பலருக்கு வீட்டுக்கடன் அசலும் சேர்ந்தே ஏறியது!

கடனை விலைவாசிக் குறியீட்டோடு இணைக்கும் முறை அங்கு 1979 முதல் இருக்கிறது. 1 கோடி குரோனா பாக்கி என்றால், 10 சதவீத பணவீக்கத்தில் அசல் 10 லட்சம் கூடும். மாதத் தவணையை ஒழுங்காகக் கட்டினாலும் பாக்கி கூடிக்கொண்டே போகலாம்.

அப்புறம் ஏன் வாங்குறாங்க? ஆரம்பத் தவணை குறைவு, அதான். மாறும் வட்டியில் சாதாரணக் கடன் வாங்கியவர்களும் தப்பவில்லை. அந்நாட்டு மத்திய வங்கி 2023 ஆகஸ்ட்டில் வட்டியை 9.25 சதவீதமாக்கியது.

யூரோ அங்கில்லை, சொந்த நாணயம்தான். குரோனா மதிப்பு சரிந்தால் இறக்குமதிப் பொருள் விலை ஏறும். அதுவும் கடைசியில் இந்தக் கடன் கணக்கில்தான் வந்து விழும்.